பேசாத கடையின் நடுவறை

சோபா செய்யும் அந்தக் கடையின் நெற்றியில் பெரிய எழுத்தில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. ஆனால் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்டதில்லை. ‘பேசாத கடை’ என்றால்தான் தெரியும். ரம்பம், சுத்தியல், தையல் மெஷின் என்று காலையிலிருந்து காதைப் பிளக்கிற இடத்துக்கு இப்படி ஒரு பெயர் வந்ததற்குக் காரணம் அதன் முதலாளிகளான அண்ணனும் தம்பியும். ஒரே கூரைக்குக் கீழே எட்டு வருஷமாக இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை.

கடை மூன்று அறைகள், ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக. தெருவைப் பார்த்த முன்னறை பெரியவருடையது. மரம் அறுத்து, இழைத்து, சோபாவுக்குச் சட்டம் கூட்டுவது அவர் வேலை. பின்னறை சின்னவருடையது. சட்டத்தின் குறுக்கே ரப்பர் பட்டை இழுத்து, ஸ்பிரிங் கட்டி, ஸ்பாஞ்சு வைத்து, உறை போர்த்தி, அதை மனிதர் உட்காரும் பொருளாக்குவது அவர் வேலை. அவர் வந்துபோகச் சந்துப் பக்கம் தனிக் கதவு இருந்தது. இரண்டு அறைகளுக்கும் நடுவில், துணிச்சுருள்கள் சுவரெல்லாம் சாய்ந்து நிற்கும் அறையில், மெஷினை நட்டநடுவில் போட்டுக்கொண்டு உறை தைப்பவள்தான் நடுவறை அக்கா.

ரம்பச் சத்தத்தில், ஓர் அறையில் பேசுவது அடுத்த அறைவரைதான் கேட்கும். அதைத் தாண்டிப் போகாது. அக்காவின் வாழ்க்கை இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே ஓடியது.

பெரியவர் தன் பக்கத்து வாசல் திரையை விலக்கித் தலையை நீட்டுவார். "ஏம்மா, உள்ளே இருக்கிற மகாராஜாகிட்ட சொல்லு. கைப்பிடியில ஸ்பாஞ்சை மலை மாதிரி குவிச்சு வச்சா உக்கார்றவன் கையைத் தலைக்கு மேலயா வச்சுக்குவான்? கண்ணு முன்னாடி இருக்கா, பின்னாடி இருக்கான்னு கேளு."

அவர் தலை மறைந்ததும் அக்கா மறுபக்கம் திரும்புவாள். "தம்பி, கைப்பிடியில ஸ்பாஞ்சை ரெண்டு அங்குலம் குறைக்கணுமாம்."

சின்னவர் தன் திரையை விலக்குவார். "சட்டத்தை ஒழுங்கா இழைச்சிருந்தா நான் ஏன் அவ்வளவு வைக்கப் போறேன்? மரத்தோடயே புழங்கி மண்டையும் மரமாப் போச்சுன்னு சொல்லுங்க அந்த ஆளுகிட்ட."

"அண்ணே, அந்த ஓரம் கொஞ்சம் குத்துதாம். இன்னொரு தடவை இழைச்சுக் குடுத்தா ஸ்பாஞ்சு குறைஞ்சுடுமாம்."

சட்டம் திரும்பி வரும், இழைபடும், திரும்பிப் போகும். மகாராஜாவும் மரமண்டையும் அக்காவின் காலடியில், வெட்டிப் போட்ட துணி விளிம்புகளோடு கிடப்பார்கள். சாயந்தரம் கூட்டும்போது எல்லாம் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறெல்லாம் இல்லை. ஒரு நாள் சின்னவர் ஓர் அளவைத் தப்பாக வெட்டிவிட்டார். பெரியவர் வாடிக்கையாளர் முன்னாலேயே, "இவனையெல்லாம் வச்சு நான் கடை நடத்துறதே பெரிசு" என்றார். அன்று மாலை அவர்களுடைய மூத்த சகோதரி வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருக்கும்போது சின்னவர் பதில் சொன்னார். "அப்பா போட்ட கடையில உக்காந்துக்கிட்டு முதலாளி வேஷம் கட்டுறவங்களைப் பத்தி நான் பேசறதில்லை." இரண்டு வாக்கியம்தான். தனியாகச் சொல்லியிருந்தால் சண்டையாக முடிந்திருக்கும். நாலு பேர் முன்னால் சொன்னதால் பகையாக முடிந்தது.

அக்கா வேலைக்குச் சேர்ந்தது அதற்கு அடுத்த மாதம். முதல் நாளே இரண்டு பக்கத்து வாசலிலிருந்தும் இரண்டு தலைகள் நீண்டன. வேறொருத்தியாக இருந்தால் மறுநாள் வந்திருக்க மாட்டாள். அக்கா மட்டும் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். இந்த உத்தியோகம் அவளுக்குப் புதிதில்லை.

அவள் அம்மாவும் அப்பாவும் அப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள். "உங்க அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு." "உங்க அம்மாகிட்ட சொல்லு, எனக்குப் பசியில்லைன்னு." நடுவில் ஓடுவது அவள். சிறுமியாக இருந்தபோது, சொன்னதைச் சொன்னபடியே சொல்வதுதான் உண்மை என்று நினைத்து, அம்மாவின் கழுத்துவெட்டு, கையாட்டல், இழுவை எல்லாவற்றோடும் ஒரு நாள் அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அப்பா கையிலிருந்த தம்ளர் சுவரில் பட்டு நசுங்கியது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து, "ஏண்டி அப்படிச் சொன்னே?" என்று அவளைத்தான் திட்டினார்கள். அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அது என்று பிற்பாடு அக்கா சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். விஷயத்தைக் கொண்டுபோனால் போதும், வேகத்தைக் கொண்டுபோக வேண்டியதில்லை.

எதிர்த்த டீக்கடைக்காரர் அவள் வாயைப் பிடுங்கிப் பார்ப்பார். "என்ன அக்கா, முன்னறை இன்னிக்கு என்ன சொல்லுது?"

"மரம் விலை ஏறிப்போச்சுன்னு சொல்லுது."

"பின்னறை?"

"உங்க டீயில தண்ணி ஏறிப்போச்சுன்னு சொல்லுது."

அதற்கு மேல் அவரால் ஒரு சொல்லும் கறக்க முடியாது. நடுவறையில் விழுந்தது நடுவறையிலேயே கிடக்கும்.

ஆனால் சொல்ல வேண்டியதை மென்று விழுங்குகிறவளும் அல்ல அவள். ஒரு முறை புதிதாகக் கல்யாணமானவர் ஒருவர் பளபளவென்று ஒரு துணியைத் தேடிப்பிடித்து வாங்கி வந்தார். மனைவி பக்கத்தில் நின்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அளவெடுத்தாள், நிறம் நன்றாக இருக்கிறது என்றாள். நிறம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. மனைவி போனில் பேச வெளியே போனதும், "தம்பி, இது அழகான துணி, ஆனா உக்கார்ற துணி இல்ல. ஒரு வருஷத்துல இழை விட்டுடும். ஜன்னலுக்குத் திரையா தச்சுடறேன், சோபாவுக்கு வேற பாருங்க" என்றாள். அவர் முகம் சுருங்கவில்லை. மனைவி திரும்பி வந்தபோது, திரை தைப்பது தன் யோசனை என்று அவரே சொல்லிக்கொண்டார். அக்கா மறுக்கவில்லை.

இப்படி எல்லாவற்றிலும் நிதானம் தவறாதவள், ஒரு மழைக்காலத்தில் தவறினாள்.

அன்று ஒரு பெரிய சோபா முடிந்திருந்தது. மூன்று பேர் உட்காரலாம். சின்னவர் அதை நடுவறையில் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் திரைக்குப் பின்னால் போய்விட்டார். பெரியவர் வந்தார். சுற்றி ஒரு தரம் நடந்தார். தையலைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு, ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியே இருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் ரம்பத்தை ஓட்டினார்.

சின்னவர் திரையை விலக்கினார். "அக்கா, ஏதாவது சொன்னாரா?"

நாற்பது வயது மனிதர். ஆனால் கேட்ட முகம், கணக்குப் போட்ட பலகையை வாத்தியாரிடம் நீட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையின் முகம். ‘ஒன்றும் சொல்லவில்லை’ என்பது அக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"சொன்னாரே. இவன் கை வச்ச சோபாவுல உக்காந்தா எழுந்திருக்க மனசு வராதுன்னார்."

திரை விழுந்தது. சற்று நேரத்தில் பின்னறையிலிருந்து, இருமலுக்கு நடுவே, முணுமுணுப்பாக ஒரு பாட்டு கேட்டது. எட்டு வருஷத்தில் அந்த அறையிலிருந்து பாட்டு வந்தது அன்றுதான்.

பெரியவர் வாயால் சொல்லாததை அவர் உடம்பு சொன்னது, அதைத்தான் நான் சொல்லாக்கினேன் என்று அக்கா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு தையல் போட்டவளுக்கு அடுத்த தையல் சுலபம். சில நாள் கழித்துப் பெரியவரிடம், "சட்டம் இந்தத் தடவை கண்ணாடி மாதிரி இருக்குன்னார் தம்பி" என்றாள். சின்னவர் அப்படிச் சொல்லவில்லை. புகார் சொல்லாமல் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். பெரியவர் காதை மட்டும் சொறிந்துகொண்டார். ஆனால் அடுத்த சட்டத்தை மதியம் வரை இழைத்தார். வேலை ஓடியது. குப்பையில் சேரும் மகாராஜாக்கள் குறைந்தார்கள். அக்காவுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்திருந்தது.

மழை ஓய்ந்த வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பெரியவர் வெளியே போயிருந்தபோது சின்னவர் வந்து துணிச்சுருள் மேல் உட்கார்ந்தார்.

"அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஊருக்கு அந்தப் பக்கம் பெரிய ஷோரூம் இருக்கில்ல, அவங்க என்னைக் கூப்பிடறாங்க. உறை பிரிவு முழுக்க என் பொறுப்பாம். பெரிய ஹால், ஜன்னலெல்லாம் ஆள் உயரம். பாப்பா ஸ்கூலும் பக்கம்."

"நல்ல விஷயம் தம்பி."

"எனக்கும் ரெண்டு வருஷமா இந்த இருமல். பின்னறையில காத்தே இல்ல, ஒட்டுற பசை நாத்தம், ஸ்பாஞ்சு தூசி. டாக்டர் இடத்தை மாத்துன்னுட்டார். வீட்டுல அவளும் போயே ஆகணும்னு நிக்கிறா."

"அப்புறம் என்ன?"

"வரலைன்னு சொல்லிடப் போறேன். வாரக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

அக்கா கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தாள். "ஏன்?"

"அண்ணன் அன்னிக்கு சொன்னாரே, அந்த ஒரு வார்த்தை." சின்னவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எட்டு வருஷம் என்னைத் திரும்பிப் பார்க்காத மனுஷன். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தப்புறம், இருமலைக் காரணம் காட்டி விட்டுட்டுப் போனா நான் மனுஷனா?"

அவர் எழுந்து போய்விட்டார். அன்று மாலைவரை அக்கா தைத்த உறையைப் பிரிக்க வேண்டியிருந்தது. கோணல்மாணலாக ஓடியிருந்தது தையல்.

அவள் கணவர் பஸ் டிரைவர். அன்று அவருக்குச் சீக்கிரமே வேலை முடிந்திருந்தது. பாத்திரம் தேய்ப்பது அக்கா, கழுவி அடுக்குவது அவர். கல்லூரிக்குப் போகும் பெண் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா பெயரோ விவரமோ சொல்லாமல் தன் தப்பை மட்டும் சொன்னாள். ஒருத்தர் சொல்லாத நல்ல வார்த்தையை இன்னொருத்தரிடம் சொல்லிவிட்டேன், அதை நம்பி அவர் ஒரு பெரிய முடிவு எடுக்கப் போகிறார்.

"கெட்ட வார்த்தை இல்லையே. நல்ல வார்த்தைதானே. இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

"அவர் ஒரு ஆளை நம்பி இருக்கப் போறார். அந்த ஆள் அப்படிச் சொல்லவே இல்லைங்க."

அவர் ஒரு தட்டைக் கழுவி வைத்தார். இன்னொன்றை எடுத்தவர் அப்படியே நின்றார். "போன வருஷம் ஒரு நாள் நான் தப்பான போர்டை மாட்டிட்டு வண்டியை எடுத்துட்டேன், ஞாபகம் இருக்கா? ஏறினவங்க எல்லாம் நல்லா சாஞ்சு உக்காந்துதான் வந்தாங்க. சந்தோஷமா. இறங்கும்போதில்ல தெரியும்."

"என்ன பண்ணீங்க?"

"பாதியில நிறுத்திச் சொன்னேன். திட்டினாங்க. ஒரு அம்மா குடையை ஓங்கிட்டாங்க." தட்டைத் துடைத்தார். "கடைசி ஸ்டாப்ல சொல்லியிருந்தா குடையோட விட்டிருக்க மாட்டாங்க."

மறுநாள் காலை, பெரியவர் வருவதற்கு முன், அக்கா பின்னறைக்குப் போனாள். அவள் அந்தத் திரையைத் தாண்டுவது அபூர்வம். சின்னவர் பட்டை இழுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த வார்த்தையை உங்க அண்ணன் சொல்லலை. நான் சேர்த்துச் சொன்னது."

அவர் கை நின்றது. "எந்த வார்த்தை?"

"எழுந்திருக்க மனசு வராதுன்னு."

"அப்போ அவர் என்னதான் சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. உக்காந்தார். டீ ஆறிப்போற வரைக்கும் உக்காந்திருந்தார். நான் பார்த்தது அவ்வளவுதான். பார்த்ததை மட்டும் உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

சின்னவர் பட்டையை விட்டார். அது சுருண்டு சட்டத்தில் அடித்தது. "அப்போ இத்தனை நாளா நான் யார்கூட பேசிட்டிருந்தேன்?"

"பாதி உங்க அண்ணன்கூட. பாதி என்கூட." அக்கா மறைக்க நினைக்கவில்லை. "கோபத்தை எடுத்துட்டுச் சொன்னதெல்லாம் விஷயம் மாறாம சொன்னதுதான். இந்த மழைக்காலத்துல சொன்ன புகழ்ச்சி மட்டும் நான் போட்டது. அவர்கிட்ட நீங்க சொன்னதாச் சொன்ன புகழ்ச்சியும்தான்."

"ஓ. எனக்கு ஒரு நல்ல வார்த்தை வாங்கிக்க வக்கில்லைன்னு நீங்களே தச்சுப் போட்டுட்டீங்க. பாவம் பார்த்து." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "போங்கக்கா. வேலையைப் பாருங்க."

அக்கா சமாதானம் சொல்லவில்லை. ‘உங்க நல்லதுக்குத்தான்’ என்ற வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அது தன் மனதை ஆற்றிக்கொள்ளத்தான் உதவும், அவருக்கு உதவாது.

பெரியவர் வந்து மேல்துண்டை ஆணியில் மாட்டியதும் முன்னறைக்குப் போனாள். அவரிடமும் அதே மாதிரி, சுற்றி வளைக்காமல் சொன்னாள். பெரியவர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"என் வாயில வார்த்தை வைக்க நீ யாரும்மா?"

"தப்புதான் அண்ணே."

"என்ன வார்த்தை வச்சே?"

சொன்னாள். பெரியவர் வெகுநேரம் மரச்சுருளைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, "பொய்யின்னும் சொல்ல முடியாது" என்றார்.

"அப்போ நீங்களே சொல்லிடுங்க."

"அதெல்லாம் எனக்கு வராது. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும், விடு."

"இருக்காது அண்ணே. நான்தான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்."

பெரியவர் நிமிர்ந்தார். "இத்தனை நாள் சும்மா இருந்துட்டு இப்ப என்ன திடீர்னு? என்ன நடந்துச்சு? அவன் ஏதாவது திட்டம் போடறானா?"

"அதை அவர்தான் சொல்லணும். என்கிட்ட கேக்காதீங்க."

"நான் முதலாளி, கேக்கறேன். சொல்ல முடியாதுன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

"சரி அண்ணே." அக்கா திரும்பி நடந்தாள்.

"எங்க போறே?"

"கையில இருக்கிற உறையை முடிச்சுட்டுப் போறேன். துணி குடுத்த அம்மா நாளைக்கு வந்து கேப்பாங்க."

பெரியவர் இழைப்புளியை எடுத்து, ஏற்கெனவே இழைத்த பலகையையே மறுபடி இழைத்தார்.

அக்கா நடுவறைக்கு வந்து உறையை முடித்தாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். மெஷினைத் தரையோடு தேய்த்து இழுத்து ஜன்னல் ஓரமாகப் போட்டாள். ஸ்டூலில் ஏறி இரண்டு வாசல்களிலும் தொங்கிய திரைகளைக் கழற்றினாள். மிச்சத் துணியில் எட்டு வருஷத்துக்கு முன் அவளே தைத்தவை அவை. இப்போது முன்னறையில் நிமிர்ந்தால் பின்னறை தெரிந்தது, பின்னறையில் நிமிர்ந்தால் முன்னறை. நடுவில் வெறும் தரை.

மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்தாள். பெரியவர் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. பழக்கதோஷத்தில், "ஏம்மா, அந்த ஆளுகிட்ட" என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, இனிமே நான் எதையும் கொண்டு போகமாட்டேன். வேணும்னா கூட வரேன்."

"கூட வந்து?"

"கூட வந்து நிப்பேன். பேசறது நீங்க."

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னவரிடமும் அதையே சொன்னாள். அவர் இருமிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு அந்தக் கடை உண்மையாகவே பேசாத கடையானது. இவர் ஓர் அளவில் சட்டம் கூட்டினார், அவர் தன் மனம்போனபடி ஸ்பாஞ்சு வைத்தார். இரண்டும் சேர்ந்து வெளியே வந்த பொருளைப் பார்த்து டீக்கடைக்காரர் சாலையைக் கடந்தே வந்துவிட்டார். கைப்பிடி காது உயரம். இருக்கை முழங்காலுக்கும் கீழே.

"அக்கா, இது சோபாவா, தொட்டிலா?"

"உக்காந்து பார்த்துச் சொல்லுங்க."

உட்கார்ந்தார். எழுந்திருக்க வரவில்லை. "யாராவது கை குடுங்கப்பா" என்று அவர் உள்ளே கிடந்து கத்த, முன்னறையிலிருந்து ஒரு கையும் பின்னறையிலிருந்து ஒரு கையும் வந்து அவரைத் தூக்கின. தூக்கிய பிறகுதான் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உடனே பிரிந்து போய்விட்டார்கள். அக்கா தலை நிமிராமல் தைத்தாள். நிமிர்ந்தால் சிரித்துவிடுவாள்.

அன்று மதியம் பெரியவர் நடுவறை வாசலில் வந்து நின்றார். அக்கா மெஷினை நிறுத்தி எழுந்தாள். "வாங்க அண்ணே."

வகுப்புக்கு வெளியே நிற்க வைத்த பிள்ளையைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூட்டிப் போவது போல இருந்தது. பின்னறை வாசலில் அக்கா ஒதுங்கி நின்றுகொண்டாள். பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"கைப்பிடி ஒசரம்."

"ஆமா," என்றார் சின்னவர். சற்றுப் பொறுத்து, "நானும் பள்ளமா வச்சுட்டேன்."

எட்டு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய பேச்சு இவ்வளவுதான். பெரியவர் திரும்பி நடந்தபோது அவர் சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

ஷோரூமுக்குப் பதில் சொல்ல வேண்டிய வாரக் கடைசி வந்தது. சின்னவர் அக்காவின் மெஷின் பக்கம் வந்தார். அவள் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து அவர் அவளிடம் அளவுகளைத் தவிர வேறெதுவும் பேசியிருக்கவில்லை.

"அக்கா, கூட வர்றீங்களா?"

இந்த முறை போனது முன்னறைக்கு. சின்னவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஷோரூம், ஜன்னல், பாப்பாவின் பள்ளிக்கூடம், டாக்டர். பெரியவர், தம்பி கடைசியாகச் சொன்னதில்தான் நின்றார்.

"இருமல் எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

இரண்டு பேரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"என்னைப் பார்க்காதீங்க. அதைக் கொண்டு போகச் சொல்லி என்கிட்ட யாரும் குடுக்கலை," என்றாள் அக்கா.

பெரியவர் மரத்தூள் படிந்த கையை வேட்டியில் துடைத்தார், மறுபடி துடைத்தார். "போ. காத்து வர்ற இடத்துக்குப் போ. இங்க கிடந்து நெஞ்சைக் கெடுத்துக்காதே." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக ஆணி பிடுங்குவது போல, "உன் கை வச்ச சோபாவுல உக்காந்தா, எழுந்திருக்க, என்ன அது, மனசு வராது. அன்னிக்கு எனக்கு வரலை" என்றார்.

சின்னவர் அண்ணனை உற்றுப் பார்த்தார்.

"இது நீ சொல்றதா, அக்கா சொல்லிக் குடுத்ததா?"

"அந்தம்மா சொல்லிக் குடுத்திருந்தா இதைவிட நல்லா வந்திருக்கும்டா."

முதலில் சிரித்தது யாரென்று அக்காவுக்குத் தெரியவில்லை. சின்னவருக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. பெரியவர் தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினார். அக்கா ஓசையில்லாமல் நடுவறைக்குத் திரும்பினாள். இனி அங்கே அவள் நிற்க வேண்டியதில்லை.

சின்னவர் அடுத்த மாதம் ஷோரூமில் சேர்ந்தார். கிளம்பும்போது சந்துப் பக்கத்துக் கதவால் போகாமல் மூன்று அறைகளையும் கடந்து தெரு வாசல் வழியாகப் போனார். ஜன்னலருகே நின்று, "அன்னிக்குக் கோவத்துல பேசிட்டேன்கா. நீங்க சொல்லாம விட்டிருந்தா நான் இந்நேரம் அந்த ரூம்லயே இருமிக்கிட்டு, அவருக்காகத்தான் இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார். அக்கா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே தலையாட்டினாள். அவள் தப்பு லேசானது என்று அவர் சொல்லவில்லை, அவளும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னறையில் பெரியவர் ஆளை வைத்துச் சுவரை உடைத்து ஒரு பெரிய ஜன்னல் வைத்தார். இப்போது அங்கே வேறொருவர் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவர் வருவார். அண்ணனும் தம்பியும் அளவைப் பற்றித் தெருவுக்கே கேட்கும்படி சண்டை போடுவார்கள். நேருக்கு நேராக. டீக்கடைக்காரர்தான் ‘பேசாத கடை’க்கு வேறு பேர் யோசிக்க வேண்டும் என்று அலுத்துக்கொள்கிறார்.

தெருவில் யாருக்காவது யாரிடமாவது சொல்ல முடியாத ஒரு விஷயம் இருந்தால் அக்காவிடம் வருகிறார்கள். வீட்டுக்காரரிடம் கூரை ஒழுகுகிறது என்று சொல்ல வேண்டியவர், சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர், இப்படி. ‘நீங்க சொன்னா பக்குவமா இருக்கும்’ என்பார்கள். அக்கா கத்தரியைத் துணிக்கடியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வாள். கூட நடப்பாள். வழியில் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்பாள், கேட்டுவிட்டு, "அந்தக் கடைசி வார்த்தை வேணுமா?" என்பாள். அவ்வளவுதான். கதவைத் தட்டுவது அவர்கள் கை.

போன வாரம் அக்கா வீட்டில் கைகழுவிக்கொண்டிருந்தபோது பெண் பின்னால் வந்து நின்றாள். எடுத்த படிப்பு தனக்குப் பிடிக்கவில்லை, மாற்றிக்கொள்ள வேண்டும் என்றாள். அப்பா கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அப்பாகிட்ட நீயே சொல்லிடேன்."

நசுங்கிய ஒரு தம்ளர் அக்காவின் நினைவில் வந்து போனது. குழாயை மூடினாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பெண்ணின் தோளில் வைத்தாள்.

"நட. கூட வரேன்."